கன்சோல் கடையின் வாசலில் என்ன வைப்பது: பூட்டா, சோதனையா, சக டெவலப்பரா, திறந்த கதவா?

புதிய கன்சோலோ கையடக்கக் கருவியோ உருவாகும்போது ப்ராசஸர், திரை, பேட்டரி பற்றிய பேச்சு மாதக்கணக்கில் ஓடும். வெளி நிறுவனங்கள் செய்யும் கேம்களை எவ்வளவு சோதித்து உள்ளே விடுவது என்ற பேச்சு பெரும்பாலும் கடைசியில்தான் வந்து சேரும். அதற்குள் பாதித் தேர்வுகள் கைவிட்டுப் போயிருக்கும். பூட்டு வேண்டுமென்றால் அது போர்டிலேயே இருந்திருக்க வேண்டும். பேட்ச் (வெளியான கேமுக்கு அனுப்பும் திருத்தம்) அனுப்ப வேண்டுமென்றால் சிஸ்டம் மென்பொருளில் அதற்கு வழி இருந்திருக்க வேண்டும். பிடிக்காத கேமுக்குப் பணம் திருப்பித் தர வேண்டுமென்றால், எத்தனை நிமிடம் விளையாடினார்கள் என்ற கணக்கைக் கருவி வைத்திருக்க வேண்டும்.

இதுவரை நடைமுறையில் பார்க்கப்பட்ட வழிகள் நான்கு: சிப் பூட்டும் ஒப்பந்தமும், சர்ட்டிஃபிகேஷன் சோதனை, சக டெவலப்பர்களின் மதிப்பாய்வு, கட்டணம் கட்டியவர் எல்லாரும் வரலாம் என்ற திறந்த கதவு. இவற்றை ஒப்பிடும்போது இரண்டு கேள்விகளைக் கலக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். கேம் உடையாமல் ஓடுகிறதா? காசு கொடுத்து வாங்கத் தகுந்ததா? முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் ஏற்பாட்டை இரண்டுக்கும் பதிலென்று வாங்குபவர்கள் நம்பியதில்தான் இந்தத் துறையின் பாதி ஏமாற்றம் இருக்கிறது.

எதுவுமே இல்லாவிட்டால்

1977-இல் வந்த அட்டாரி 2600-இல் பூட்டு என்று ஒன்று கிடையாது. கார்ட்ரிட்ஜின் (கேம் அடங்கிய, கன்சோலில் செருகும் பெட்டியின்) எந்த முனை எதற்கு என்று தெரிந்தவர் யாரும் கேம் செய்து விற்கலாம். 1979-இல் அட்டாரியிலிருந்து விலகிய புரோகிராமர்கள் ஆக்டிவிஷனைத் தொடங்கி அதைத்தான் செய்தார்கள். அட்டாரி 1980-இல் வழக்குப் போட்டது. 1982-இல் ராயல்டி தருவதாக ஒப்புக்கொண்டு சமரசம் ஆனது. பலர் மறந்துவிடும் விஷயம் இது: கதவு திறந்திருந்ததால் முதலில் உள்ளே வந்தவை நல்ல கேம்கள். 'பிட்ஃபால்' வந்தது அந்த வழியில்தான்.

பிறகு ஓட்ஸ் விற்கும் நிறுவனம்கூட கேம் பிரிவு வைத்துக்கொண்டது. நாய்த் தீனி விளம்பரத்துக்காக ஒரு கேம் வந்தது. 1983-இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. அட்டாரியே செய்த 'பேக்-மேன்', 'ஈ.டி.' இரண்டும் ஏமாற்றின; ஆகவே பழி முழுவதையும் வெளியார் தலையில் கட்ட முடியாது. ஆனால் சரிவு பரவிய விதம் கவனிக்க வேண்டியது. விற்காத சரக்கைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சின்ன நிறுவனங்களிடம் பணம் இல்லை. கடைக்காரர்கள் அவற்றை அடிமாட்டு விலைக்குத் தள்ளினார்கள். அந்தக் கூடைக்குப் பக்கத்தில் முழு விலையில் இருந்த நல்ல கேமை யாரும் எடுக்கவில்லை. மோசமான கேம் ஒன்று தன்னை வாங்கியவரை மட்டும் ஏமாற்றுவதில்லை, பக்கத்து அலமாரியின் விலையையும் இழுத்துப் போடுகிறது. தரக்கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

சிப் பூட்டும் ஒப்பந்தமும்

1985-இல் அமெரிக்காவுக்கு வந்த நின்டெண்டோ என்இஎஸ், இதற்கு எதிர்முனையில் நின்றது. கன்சோலுக்குள் ஒரு சிப், ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்குள்ளும் அதன் ஜோடி. ஒன்று பூட்டு, மற்றது சாவி. இரண்டும் ஒரே கணக்கை ஒரே வேகத்தில் போட்டு, விடைகளை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். பொருந்தாவிட்டால் பூட்டுச் சிப் கன்சோலை விநாடிக்கு ஒருமுறை ரீசெட் செய்யும். ஜப்பானில் 1983-இலேயே விற்ற ஃபேமிகாமில் இந்தச் சிப் கிடையாது. அமெரிக்கச் சந்தை சரிந்த பிறகு சேர்த்தது இது.

உண்மையான வேலையைச் செய்தது சிப்புக்குப் பின்னால் இருந்த ஒப்பந்தம். ஒரு நிறுவனத்துக்கு வருடத்துக்கு ஐந்து கேம்கள்தான். அந்தக் கேமை இரண்டு வருடம் வேறு கன்சோலுக்குத் தரக்கூடாது. கார்ட்ரிட்ஜை நின்டெண்டோவே தயாரிக்கும், பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஐந்தே வாய்ப்பு, சரக்கின் பணமும் தன் தலையில் என்றால் எந்த நிறுவனமும் குப்பையில் ஒரு வாய்ப்பைச் செலவழிக்க யோசிக்கும். கோனாமி, அல்ட்ரா என்று இன்னொரு பெயரில் நிறுவனம் வைத்து இன்னும் ஐந்து எடுத்துக்கொண்டது. எண்ணிக்கை வரம்பு வைப்பவர் இதை எதிர்பார்த்தே ஆக வேண்டும்.

இந்த வழியின் கோளாறுகள் மூன்று. முதலாவது, பூட்டு நேர்மையானவரையும் கடிக்கும். என்இஎஸ்ஸின் 72 முனை கனெக்டரில் நாளடைவில் பிடிப்புத் தளரும், முனைகளில் அழுக்கு படியும். கேம் சிப்பின் முனைகள் சரியாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும், சாவிச் சிப்பின் முனை தொடாவிட்டால் போதும். விளக்கு மின்னி மின்னி ரீசெட் ஆகும். காசு கொடுத்து வாங்கிய அசல் கார்ட்ரிட்ஜுக்கு இந்த கதி. 1993-இல் வந்த மேலே செருகும் மாடலில் இந்தப் பூட்டையே நின்டெண்டோ எடுத்துவிட்டது. பழைய மாடலைப் பழுதுபார்ப்பவர்கள் இன்றும் பூட்டுச் சிப்பின் நான்காவது முனையை வெட்டிவிடுவது இதனால்தான்.

இரண்டாவது, பூட்டு உடையும். லைசென்ஸ் இல்லாத சில நிறுவனங்கள் கார்ட்ரிட்ஜிலிருந்து மின்னழுத்தத் துடிப்பு ஒன்றை அனுப்பிச் சிப்பைத் திகைக்க வைத்தன. அட்டாரி கேம்ஸ் இன்னும் துணிந்து, வழக்குக்குத் தேவை என்று பொய்க் காரணம் சொல்லி அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து பூட்டின் புரோகிராமையே வாங்கியது. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நின்டெண்டோ பக்கம் நின்றது. அதே வருடம் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அக்கோலேட் நிறுவனத்திடம் சேகா தோற்றது. சேகாவின் ஜெனிசிஸ் கன்சோலின் பிந்தைய மாடல்கள், கார்ட்ரிட்ஜில் குறிப்பிட்ட இடத்தில் 'சேகா' என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்க்கும். அக்கோலேட் அசல் கேம்களைப் பிரித்துப் படித்து அதைக் கண்டுபிடித்தது. பிரித்துப் படித்தது செல்லும். பொய் சொல்லி வாங்கியது செல்லாது. சட்டத்தை மட்டும் நம்பிப் பூட்டுப் போடுகிறவர் இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் அடிப்படையானது. கேமுக்கு அனுமதி உண்டா என்பதைச் சிப் சொல்லும்; உள்ளே இருப்பது நன்றாக இருக்கிறதா என்பதைச் சொல்லாது. என்இஎஸ் பெட்டிகளில் ஒட்டிய தர முத்திரை இருந்தும் சினிமாப் பெயரை வாங்கி அவசரத்தில் செய்த கேம்கள் ஏராளமாக வந்தன. 2003-இல் நின்டெண்டோ அந்த முத்திரையிலிருந்து 'தரம்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. நேர்மையான திருத்தம், கொஞ்சம் தாமதம்.

இன்று சிப்புக்குப் பதில் டிஜிட்டல் கையொப்பம். கன்சோல் நிறுவனத்தின் சாவியால் கையொப்பமிட்ட பில்ட் (ஓடத் தயாரான கேம் கோப்பு) மட்டுமே ஓடும். செலவு மிகக் குறைவு, துருப்பிடிக்கும் முனை இல்லை. வேறு எந்த வழியைத் தேர்ந்தாலும் இது கீழே இருக்கட்டும்.

சர்ட்டிஃபிகேஷன்

சோனியின் டிஆர்சி, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்ஆர், நின்டெண்டோவின் லாட்செக்: பெயர் வேறு, வேலை ஒன்று. வெளியீட்டுக்கு முன் கேமின் இறுதி பில்டை விதிப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் கேம் செய்பவர் தன் மேசையில் செய்துபார்க்காத காரியங்கள்.

விளையாடும்போது கன்ட்ரோலரின் இணைப்பைத் துண்டிப்பார்கள்; கேம் நின்று செய்தி காட்ட வேண்டும். சேவ் எழுதும்போது அதற்கான குறி திரையில் தெரிய வேண்டும். சேமிப்பிடத்தை முழுக்க நிரப்பிவிட்டுச் சேவ் செய்யச் சொல்வார்கள். சேவ் கோப்பைக் கெடுத்துவைத்துத் திறப்பார்கள். கேம் கிராஷ் ஆகாமல் 'படிக்க முடியவில்லை' என்று சொல்ல வேண்டும். நடுவில் நெட்வொர்க்கைப் பிடுங்குவார்கள். பயனரின் கணக்கை வெளியேற்றுவார்கள். கருவியைத் தூங்கவைத்து எழுப்புவார்கள். ஏற்றும் திரையில் எதுவும் அசையாமல் இருந்தால் தோல்வி, ஏனென்றால் பார்ப்பவருக்கு அது உறைந்துபோன கேமிலிருந்து வேறுபட்டுத் தெரியாது. பொத்தான்களின் பெயர் கன்சோல் நிறுவனம் சொல்லும் சொல்லிலேயே, எல்லா மொழிகளிலும் இருக்க வேண்டும். முதல் முயற்சியில் தோற்கும் கேம்களில் இந்தச் சொல் விவகாரமும் கணக்கு வெளியேறும் விவகாரமும் அடிக்கடி தலைகாட்டும்.

மிகவும் பயனுள்ள சோதனை, கேமை ஓடவிட்டு விட்டுப் போவது. தலைப்புத் திரையில் ஒன்று, இடைநிறுத்தத்தில் ஒன்று, விளையாட்டுக்குள் ஒன்று என்று மூன்று கருவிகளை இரவு முழுக்க விடலாம். நினைவகக் கசிவு (எடுத்த நினைவகத்தைக் கேம் திருப்பித் தராமல் விடுவது) இதில்தான் பிடிபடும். விநாடிக்கு 100 கிலோபைட் கசியும் கேமுக்கு 500 மெகாபைட் மீதி இருந்தால் ஏறத்தாழ 85 நிமிடத்தில் அது விழும். ஒரு மணி நேரம் மட்டும் விளையாடிப் பார்த்த சோதனையாளர் 'நன்றாக ஓடுகிறது' என்று எழுதிவிடுவார்.

இன்னும் நயமான பிழை ஒன்று உண்டு. கழிந்த நேரத்தை 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் (பெரிதாகப் பெரிதாக நுணுக்கம் குறையும் வகை) வைத்து ஒவ்வொரு ஃப்ரேமிலும் 60-இல் ஒரு விநாடியைக் கூட்டிக்கொண்டே போவது பலரின் பழக்கம். 1,31,072 விநாடி, அதாவது 36 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போனதும், அந்த எண்ணால் 64-இல் ஒரு விநாடியைவிடச் சிறிய படியைக் காட்ட முடியாது. கேமின் கடிகாரம் அதற்கு முன்பே பின்தங்கத் தொடங்கியிருக்கும். கடிகாரம் அதன் இரு மடங்கை, சுமார் 73 மணியைக் காட்டும்போது, படி இன்னும் பெரிதாகி ஒவ்வொரு கூட்டலும் மேல்நோக்கி முழுமையாக்கப்படும். கடிகாரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். அது சுமார் 146 மணியைக் காட்டும்போது கூட்டும் எண் படியில் பாதிகூட இல்லாததால் கடிகாரம் நின்றே போகும். கருவியைத் தூங்கவைத்து எழுப்பி அதே கேமை நாள்கணக்கில் தொடரும் பழக்கம் வந்தபின் இதை வெறும் ஏட்டுக் கணக்கென்று தள்ள முடியாது. ஒரு வார ஓட்டத்தை யாரும் சோதிக்கப் போவதில்லை; கடிகாரத்தை 1,30,000 விநாடியிலிருந்து தொடங்கும் சோதனை பில்ட் ஒன்றைக் கேட்டு வாங்கினால் அரை மணி நேரத்தில் கடிகாரம் பின்தங்குவது தெரிந்துவிடும்.

அளக்கப்படுவது எதுவோ அதை ஏமாற்றவும் வழி பிறக்கும். சேகாவின் சோதனையில் கிராஷ் என்றால் தோல்வி. 'சோனிக் 3டி பிளாஸ்ட்' செய்த டிராவலர்ஸ் டேல்ஸ், எந்தக் கிராஷ் நடந்தாலும் கேம் நேராக லெவல் தேர்வுத் திரைக்குப் போகும்படி எழுதிவைத்தது. ஏதோ ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக ஆட்டக்காரர்கள் மகிழ்ந்தார்கள். கார்ட்ரிட்ஜைத் தட்டினால்கூட அந்த 'ரகசியம்' திறந்தது. குறும்பான தீர்வு, ஆனால் விதி என்ன கேட்டதோ அதைத்தான் கொடுத்தது.

சர்ட்டிஃபிகேஷனின் எல்லையை 2020 டிசம்பர் எல்லோருக்கும் காட்டியது. 'சைபர்பங்க் 2077' டிசம்பர் 10-இல் பிளேஸ்டேஷன் 4-க்கும் வந்தது. சோதனையைத் தாண்டி வந்த அதே கேமை ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வந்தது. வெளியீட்டுக்குள் சரிசெய்துவிடுவோம் என்று கன்சோல் நிறுவனங்கள் நம்பியிருக்கும் என்பது உருவாக்கிய நிறுவனத்தின் தரப்பே பிறகு சொன்ன விளக்கம். பெரிய பெயருக்கு விதி தளர்வதும், முதல் நாள் பேட்ச் வரும் என்ற வாக்கின் மேல் பில்டை ஏற்பதும் இந்த வழியின் நிரந்தர ஓட்டைகள்.

கட்டணத்தை எங்கே வைப்பது என்பதும் தரத்தைத் தீர்மானிக்கும். 2012-இல் 'ஃபெஸ்' கேமின் பேட்ச் ஒன்று சிலரின் சேவ் கோப்பைக் கெடுத்தது. சரிசெய்த பேட்சை எக்ஸ்பாக்ஸ் 360-இல் மறுபடி சமர்ப்பிக்கப் பல்லாயிரம் டாலர் ஆகும் என்று சொல்லி, அதைச் செய்த பாலிட்ரான் குழு அந்தப் பழைய பேட்சையே விட்டுவைத்தது. தெரிந்த பிழை, தெரிந்த தீர்வு, இடையில் ஒரு கட்டணம். 2013-இல் மைக்ரோசாஃப்ட் பேட்ச் கட்டணத்தை எடுத்தது. முதல் சமர்ப்பிப்புக்கு வேண்டுமானால் கட்டணம் வாங்கலாம். திருத்தத்துக்கு வாங்கினால் பிழையைக் காசு கொடுத்து வைத்துக்கொள்வதாக ஆகும்.

சக டெவலப்பர் மதிப்பாய்வு

2008-இல் தொடங்கி, பிறகு எக்ஸ்பாக்ஸ் லைவ் இண்டி கேம்ஸ் என்று பெயர் மாறிய கடையில், வருடம் 99 டாலர் சந்தா கட்டியவர்களே ஒருவர் கேமை ஒருவர் சோதித்தார்கள். கிராஷ் ஆகிறதா, உள்ளடக்கத்தைச் சரியாக அறிவித்திருக்கிறாரா என்று மட்டும் பார்க்க வேண்டும். பிடிக்கவில்லை என்று நிராகரிக்கக் கூடாது. விளைவு, கன்ட்ரோலரை அதிரவைத்து முதுகு பிடித்துவிடும் செயலிகள் வரிசை கட்டின. அவை ஒழுங்காக ஓடின, விதியை மீறவில்லை. 1 டாலரில் நல்ல கேம்களும் வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் சோதிப்பவருக்குச் சம்பளம் இல்லை. தன் கேம் சீக்கிரம் நகர வேண்டும் என்ற அவசரம் மட்டும் உண்டு. கடை 2017-இல் மூடியது. டெவலப்பர்கள் ஒருவரையொருவர் அறிந்த சின்ன வட்டத்துக்கு மேல் இந்த வழியைப் பரிந்துரைக்க முடியாது.

திறந்த கதவு

2012-இல் கிக்ஸ்டார்ட்டரில் சுமார் 86 லட்சம் டாலர் திரட்டி, மறு வருடம் 99 டாலருக்கு வந்த ஊயா கன்சோல், யாரும் கேம் வெளியிடலாம் என்றது. காசு கொடுக்கும் முன் கொஞ்சமாவது விளையாடிப் பார்க்க முடிய வேண்டும் என்பது தொடக்கத்தில் அதன் விதி. தரக்கட்டுப்பாட்டை வாங்குபவர் கையிலேயே கொடுத்த நல்ல விதிதான். அந்தக் கருவியைக் காப்பாற்ற அது போதவில்லை. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் கடை, 2017-இலிருந்து கேமுக்கு 100 டாலர் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. அங்கே குப்பை இல்லாமலில்லை. ஆனால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும். பிளேஸ்டேஷன் கடையிலோ கேம் பழுதாக இருந்தாலொழிய, 14 நாளுக்குள் கேட்டாலும் டவுன்லோடு தொடங்காதிருந்தால்தான் திரும்பும். திறந்து பார்க்காமல் பிடிக்கவில்லை என்று எப்படித் தெரியும்?

இன்றைய கன்சோல் கடைகள் உண்மையில் இரண்டாம் வழியும் நான்காம் வழியும் கலந்தவை. தொழில்நுட்பச் சோதனை கடுமை, ரசனைச் சோதனை ஏறக்குறைய இல்லை. அதனால் வரும் குப்பைக்கு ஒரு தனி முகம் உண்டு: அது கிராஷ் ஆகாது. பிரபலக் கேமின் பெயரையும் ஐகானையும் ஒட்டி இருக்கும். பத்து நிமிடத்தில் பிளாட்டினம் டிராஃபி (கேமின் மற்ற டிராஃபிகள் எல்லாம் வென்றவருக்கான பிளேஸ்டேஷன் விருது) தரும். விற்பனைப் பட்டியல் எண்ணிக்கையால் வரிசைப்படுத்தப்பட்டால், நிரந்தரமாக 90 சதவீதத் தள்ளுபடி போட்டு மேலே ஏறிவிடும்.

வயது மதிப்பீட்டைச் சிலர் தரச்சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். ஈஎஸ்ஆர்பி, பெகி போன்றவை உள்ளடக்கத்தைச் சொல்பவை, தரத்தைத் தொடுவதில்லை. கடையில் சேர்க்க அவை தேவை, அவ்வளவே.

யாருக்கு எது?

வருடத்துக்கு ஐம்பது கேமுக்குள் வரும் சின்னக் கருவிக்கு மனிதக் கண்ணே போதும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: அறுபது விதிகள், ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் என்றால் 20 மணி நேரம். முதல் முறை தோற்று இரண்டாம் முறை வருவதையும் சேர்த்தால் 40. ஒரு சோதனையாளருக்கு ஒரு வாரம், ஒரு கேம். இந்த அளவில் 'இது எங்கள் கடைக்கு வேண்டாம்' என்று ரசனையின் பேரிலும் மறுக்கலாம். காரணத்தை எழுதிக் கொடுத்தால் சரி.

அதைத் தாண்டினால் ரசனையைக் கைவிட்டு, விதியையும் எண்ணிக்கையையும் பிடிக்க வேண்டும். விதிப்பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். சேவ் கெடுவது, கிராஷ், பணம் தவறாகப் பிடிக்கப்படுவது, கணக்கு வெளியேறும்போது உறைவது ஆகியவை வெளியீட்டைத் தடுக்கும். சொல் வேறுபாடு, ஐகான் அளவு போன்றவற்றுக்கு முப்பது நாள் கெடு போதும். திருத்தத்துக்குக் கட்டணம் வேண்டாம். சேவ் கோப்பைத் தொடும் பேட்ச் என்றால் மட்டும் பழைய பில்டின் சேவ்களோடு முழுச் சோதனை. 'ஃபெஸ்' விழுந்த குழி அதுதான்.

பழைய ஐந்து கேம் வரம்பை நான் திரும்பக் கொண்டுவருவேன், வேறு உருவத்தில். புதிய கணக்குக்கு வருடத்துக்கு மூன்று இடம். பணம் திரும்பக் கேட்பவர்களின் விகிதம் கடையின் சராசரிக்குக் கீழே இருந்தால் இடம் கூடும், மேலே போனால் குறையும். இரண்டாம் பெயரில் வருவதைத் தடுக்க, கணக்கை நிறுவனப் பெயரோடு கட்டாமல் பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கோடு கட்ட வேண்டும். பட்டியலை விற்ற எண்ணிக்கையால் வரிசைப்படுத்தாமல் வருவாயால், இன்னும் நல்லது வாங்கியபின் விளையாடிய நேரத்தால், வரிசைப்படுத்தினால் தள்ளுபடித் தந்திரம் தானாக விழும். நேரத்தை மட்டும் வைத்தால் குட்டிக் கேம்கள் தண்டிக்கப்படும். ஆகவே விலையால் வகுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துவிடும் கேமுக்கும் விதி வேண்டும். போலிப் பெயர்ப் புகாரில் நீக்கினாலும், ஏற்கெனவே வாங்கியவர் மறுபடி இறக்கிக்கொள்ள முடிய வேண்டும். அதற்குக் கடைசி பில்டும் கடைசி பேட்சும் கையொப்பத்தோடு சர்வரில் தங்க வேண்டும். கையொப்பச் சாவியை மாற்றும் நாளில் இந்த நீக்கிய கேம்கள்தான் முதலில் மறந்துபோகும். பட்டியலை அப்போது தேடாமல் இப்போதே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.